மழையில் ஒட்டிக்கொண்ட கிளாவர் ஒன்பது

மட்டாஞ்சேரி
14.8.2003

என் அன்பு மகள் மஞ்சுஷாவுக்கு அம்மா எழுதுவது.

கடவுள் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், மெல்பர்ன் குளிரில் நீயும் மாப்பிள்ளை பினுவும் அதேபோல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் விளக்கேற்றும்போது கேட்பது. கர்க்கடக மாத மழை போகிற போக்கில் ஒருமுறை கொட்டிவிட்டுப் போகலாம் என்று நிற்கிறது, துணி காய மாட்டேன் என்கிறது, பின்கட்டுச் சுவரில் பாசி ஏறிவிட்டது. அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனால் பக்கத்து வீட்டு அம்மிணிச் சேச்சி பழம்பொரி கொண்டுவந்தால் எனக்குத் தெரியாமல் ஒன்று எடுத்துவிடுகிறார், கேட்டால் கார்ப்பரேஷனில் முப்பது வருஷம் சாக்கடை பார்த்தவனுக்கு ஒரு பழம்பொரி என்ன செய்யும் என்கிறார். தமிழில் எழுதினால் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கிறது, மலையாளத்தில் எழுது அம்மா என்று நீ சொல்லியிருந்தாய். இந்த ஒரு கடிதத்தை மட்டும் பொறுத்துக்கொண்டு மெதுவாகப் படி. மனசு சரியில்லாதபோது எனக்குக் கை தமிழுக்குத்தான் போகிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பினுவின் ஆபீஸ் நண்பர் வீட்டில் போக்கர் ஆடப் போகிறோம், காசு கிடையாது, சட்டைப் பொத்தான்களை வைத்துத்தான் ஆட்டம் என்று எழுதியிருந்தாய். பொத்தான் என்றதும் அப்பா சமாதானமானார். அந்த மேசையில் இருக்கிற மரியாதைகளை நீ எழுதியிருந்ததை நான் இரண்டு முறை படித்தேன். தன் முறை வரும் முன் வாயைத் திறக்கக் கூடாது, ஆட்டத்தை விட்டு விலகியவர் தன்னிடம் என்ன சீட்டு இருந்தது என்று சொல்லக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் கைக்கு யோசனை சொல்லக் கூடாது, தோற்றவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. இதெல்லாம் டீச்சர் வேலை பார்த்த எனக்குப் பிடித்தது, வகுப்பறைக்கும் இதுவே போதும். கடைசியில் ஒன்று எழுதியிருந்தாய் பார், ஆட்டம் முடிந்து ஜெயித்ததாகச் சொல்கிறவர் தன் சீட்டை எல்லாருக்கும் தெரிய விரித்துக் காட்டிவிட வேண்டும், காட்டாமல் குவியலில் கலைத்துவிட்டால் அந்த ஜெயிப்பு செல்லாது என்று. அந்த வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். எதற்கு என்று சொல்கிறேன்.

பினுவின் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் நம் வீட்டுக்கு வருவதில்லையாமே, முழங்கால் முட்டுவலி என்று போனில் சொன்னார், கொஞ்சம் போய்ப் பார் அம்மா என்று நீ எழுதியிருந்தாய். உன் அத்தைக்கு முட்டில் ஒன்றும் இல்லை. அவர் என்னைக் காப்பாற்றுவதற்காக உன்னிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார். வராமல் போனதற்குக் காரணம் நான்.

நம் வீட்டு இருபத்தெட்டு ஆட்டம் உனக்குத் தெரியும், நீ மேசைக்கு அடியில் விளையாடி வளர்ந்தவள். நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் ஒரு கட்சி. முதலில் இறக்கிய இனத்தில் கையில் சீட்டு இருந்தால் அதைத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால்தான் கவிழ்த்து வைத்த துருப்பைத் திறக்கச் சொல்லி வெட்டலாம். இருந்தும் இல்லை என்று வெட்டினால் அந்தக் கட்சி அப்போதே தோற்றது. கணவன் மனைவி ஒரே கட்சியில் கூடாது, கண்ணாலேயே பேசிவிடுவார்கள். போட்ட சீட்டு போட்டதுதான், திரும்ப எடுக்கக் கூடாது. பந்தயக் கணக்குக்கு வைத்த புளியங்கொட்டை எல்லாம் போனால் தோற்ற கட்சி காதில் குணுக்கு மாட்டிக்கொள்ள வேண்டும், அடுத்து ஜெயிக்கும் வரை கழற்றக் கூடாது. குணுக்கு என்றால் தென்னை மரத்தடியில் உதிர்ந்து கிடக்கிற குரும்பை, நூலில் கட்டிக் காதில் தொங்கவிடுவது. அப்பா குணுக்கோடேயே பால் வாங்கப் போயிருக்கிறார். இந்த விதிகளை எல்லாரும் ஒழுங்காக நடத்த வேண்டும் என்று சட்டம் பேசுகிறவள் நான்தான்.

உன் மாமனார் அழகர் காலமான பிறகு சுள்ளிக்கல் வீட்டில் அத்தை தனியாக இருக்கிறாரே என்று ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் அழைத்தேன். வந்து வந்து ஆட்டமும் பிடித்துவிட்டது. அன்றைக்கு அவரும் அப்பாவும் ஒரு கட்சி, நானும் அம்மிணிச் சேச்சியும் ஒரு கட்சி. அவர்களிடம் ஒரே ஒரு புளியங்கொட்டைதான் மிச்சம். அத்தை துணிந்து பெரிய கேள்வி கேட்டு, அதாவது இத்தனை புள்ளி எடுப்போம் என்று ஏலத்தை ஏற்றி, கிளாவர் ஜாக்கியை இறக்கினார். இந்த ஆட்டத்தில் ஜாக்கிதான் ராஜாவுக்கும் மேல் என்பது உனக்குத் தெரியும். என் கையில் கிளாவர் இல்லை என்று பார்த்து, துருப்பைத் திறக்கச் சொல்லி வெட்டினேன். அதோடு அவர்கள் கேட்ட கேள்வி விழுந்தது. போச்சு டீச்சர் என்று சிரித்துக்கொண்டே அத்தை கையிலிருந்ததைக் கவிழ்த்துப் போட்டார், எல்லாரும் போட்டோம். நான் போடும்போதுதான் பார்த்தேன், டைமன் எட்டுக்குப் பின்னால் கிளாவர் ஒன்பது ஒட்டிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் சீட்டு ஒட்டும், பவுடர் போட்டுத் துடைத்து வைப்போம், அன்றைக்கு மறந்திருந்தேன். இதுவரைக்கும் அது தெரியாமல் செய்த பிழை. அதற்குப் பிறகு செய்தது அப்படி இல்லை. நான் அந்த ஒன்பதைக் குவியலுக்கு அடியில் தள்ளிக் கலைத்துவிட்டேன்.

ஏன் என்று நீ கேட்பாய், நானும் என்னைக் கேட்டுப் பார்த்தேன். அம்மிணிச் சேச்சி ஏற்கெனவே குரும்பையில் நூல் கட்டத் தொடங்கியிருந்தாள், எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், இது ஒரு காரணம். இன்னொன்று உண்டு. அதற்கு முந்தின வாரம்தான் அத்தை, மஞ்சு என்னிடம் பேச ஆரம்பித்தால் போனை வைக்கவே மாட்டாள் டீச்சர் என்று சந்தோஷமாகச் சொல்லியிருந்தார். எனக்கு நீ போன் செய்தால் அடுப்பில் பால் இருக்கிறது அம்மா என்று வைத்துவிடுவாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லை, மாமியாரிடம் மனம்விட்டுப் பேசுகிற மகள் எத்தனை பேருக்குக் கிடைப்பாள். ஆனாலும் அந்தப் பேச்சு எங்கோ ஒரு மூலையில் முள்ளாகக் கிடந்திருக்கிறது. அவரை ஒருமுறை தோற்றவராகப் பார்க்க எனக்கு ஆசை இருந்திருக்கிறது.

அப்பா குணுக்கை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டிக் காட்டினார். அத்தை மட்டும், எனக்கு வேண்டாம் டீச்சர், இது வெறுங்காது என்றார். மாமா போன பதினாறாம் நாள் அவர்கள் பக்கத்து வழக்கப்படி மூக்குத்தியும் கம்மலும் கழற்றினார் அல்லவா. அம்மிணிச் சேச்சிகூடக் கையை நிறுத்திவிட்டாள். நான்தான், மேசைக்கு உட்கார்ந்தால் எல்லாருக்கும் ஒரே விதி என்றேன். என் வகுப்புக் குரலில் சொன்னேன், மஞ்சு. அவர் நூலை வாங்கிக் காது மடலைச் சுற்றி மாட்டிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து வாசலில் ஆள். மாமாவின் அக்கா லக்ஷ்மி, இடக்கொச்சியில் மகன் கட்டிய வீட்டுப் பால்காய்ச்சலுக்கு அழைக்க வந்தவர், சுள்ளிக்கல் வீடு பூட்டியிருந்ததால் இங்கே வந்திருக்கிறார். உள்ளே வந்தவர் அத்தையின் காதைப் பார்த்தார். என் தம்பி போனப்போ கழட்டினது பத்தாதுன்னு இப்போ புதுசா மாட்டிக்கிட்டியா கனகு என்று கேட்டார். சத்தம்கூடப் போடவில்லை. இது விளையாட்டு, தோற்றவர்கள் போடுவது என்று அப்பா தன் காதைக் காட்டிச் சொன்னார். அப்போ தோத்ததுக்கு அனுபவிக்கட்டும் என்றார் லக்ஷ்மி. அத்தை குரும்பையைக் கழற்றிக் கைக்குள் மூடிக்கொண்டு அவரோடு இறங்கிப் போய்விட்டார். குடையைக்கூட எடுக்கவில்லை. குவியலில் அந்த ஒன்பது கிடந்தது. அப்போது நான் அதை எடுத்துக் காட்டி, இவர் தோற்கவில்லை, நான்தான் தோற்றேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் லக்ஷ்மியின் வாய் அடைபட்டிருக்கும். நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு நான் உனக்குச் சொல்லித் தந்தது நினைவிருக்கிறதா, பக்கத்து வீட்டில் பத்து வாங்கினால் அங்கே ஒன்றைக் குறைத்து எழுத வேண்டும், இல்லாவிட்டால் விடை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் தப்பு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் அதைத்தான் மறப்பார்கள். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பெல்லாம் அத்தையிடமிருந்து எடுத்தது, அவரிடம் என்ன குறைந்தது என்று நான் எழுதவே இல்லை. அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை, அதற்கடுத்ததும் வரவில்லை. பால்காய்ச்சலுக்கு அப்பா மட்டும் போனார். அத்தை பின்வாசலில் நின்றாராம், சாப்பிட்டாயா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லையாம். அப்புறம் லக்ஷ்மி சுள்ளிக்கலுக்கே வந்து தங்கிவிட்டார், கண்காணிப்பு என்றுதான் எனக்குத் தோன்றியது. இப்படி இருக்கும்போதுதான் உன் கடிதம் வந்தது.

நேற்றுக் காலை அப்பாவிடம் சொல்லிவிட்டு, தென்னையடியில் இரண்டு குரும்பை பொறுக்கி, இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டேன். எந்த மேசையில் பிழை நடந்ததோ அந்த மேசையில் இருந்தவர்கள் முன்னால்தான் திருத்த வேண்டும், லக்ஷ்மியும் அதில் சேர்த்தி. அம்மிணிச் சேச்சி, ஞானும் பார்ட்னரல்லே டீச்சரே, தனியா விடப் பாடில்ல என்று எனக்குத் துணையாகத் தானும் ஒன்றை மாட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறிவிட்டாள். ஆட்டோ ஓட்டுகிற இசக்கிமுத்து கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்து தோப்பும்படி ரோட்டில் திரும்பும்போது, என்ன டீச்சரே, ரெண்டு பேரும் ஒரே கடையில எடுத்தீங்களா என்று கேட்டான். அவள் சிரித்தாள், எனக்கு வரவில்லை.

கதவைத் திறந்தது லக்ஷ்மி. நான் உள்ளே போய் உட்காராமலே, கையோடு கொண்டுபோன கிளாவர் ஒன்பதைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். இது என் கையில் இருந்தது, இருந்தும் வெட்டினேன், தெரிந்த பிறகு மறைத்தேன், அன்றைக்குக் குணுக்கு மாட்டியிருக்க வேண்டியவள் நான் என்றேன். லக்ஷ்மிக்குச் சீட்டாட்டம் தெரியாது, ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. அப்போ கள்ளக்களியா, ஏமாத்தி ஆடினதா டீச்சர், பிள்ளைகளுக்குப் படிச்சுக்கொடுத்த ஆளு என்றார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல. அத்தை அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படுவார், இல்லாவிட்டால் சிரித்துவிடுவார் என்று நினைத்திருந்தேன், இரண்டும் இல்லை. போட்ட சீட்டு போட்டதுதான் டீச்சர், நீங்க சொன்ன விதிதானே என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாயா போடப் போனார். சாயாவில் எனக்குப் பிடித்தபடி சர்க்கரை குறைவாகப் போட்டிருந்தார், அதை அவர் மறக்கவில்லை.

லக்ஷ்மி மழைக்குத் துணி எடுக்கக் கொல்லைக்குப் போன நேரத்தில் அத்தை என்னை ஜன்னல் பக்கம் கூட்டிப்போனார். அன்றைக்கு மூடிக்கொண்டு போன குரும்பை ஜன்னல் திண்டில் இருந்தது, காய்ந்து கறுத்து, நூலோடு. எறிய மனசு வரல்ல டீச்சர் என்றார். காதுல ஒரு கனம் இருந்துச்சு, ஆட்டோவுல வரும்போதுகூடக் கைக்குள்ள அதைத்தான் பிடிச்சிருந்தேன், மதினி என்ன சொன்னாங்கன்னே பாதி காதுல விழல்ல, இந்த வயசுல இது என்ன ஆசைன்னு எனக்கே வெட்கமாப் போச்சு, அதான் உங்க முகத்துல முழிக்க முடியல்ல, உங்க மேல கோபமெல்லாம் இல்ல என்றார்.

கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும், மஞ்சு. இரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் அந்த முகத்துக்கு நேராகவோ பக்கத்திலோ உட்கார்ந்து சீட்டு எண்ணியிருக்கிறேன். யார் ஜாக்கியை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று புருவத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று பெருமை வேறு. அந்தக் காது எவ்வளவு வெறிச்சென்று இருக்கிறது என்று ஒரு நாள் பார்க்கவில்லை. அவர் இழந்து நின்றதை எடுத்து நான் தண்டனையாக மாட்டிவிட்டேன். சீட்டை மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டேன், இதற்கு எப்படிக் கேட்பது என்று தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புறப்படும்போது என் காதைப் பார்த்து, ஜெயிக்கிற வரைக்கும் கழட்டக் கூடாது டீச்சர் என்றார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. ஆகவே குரும்பை இரண்டும் இதை எழுதும்போதும் என் காதில்தான் இருக்கின்றன. ஆணியில் மாட்டிவைத்து ஞாயிறு எடுத்துக்கொள்ளேன் என்கிறார் அப்பா. முடியாது என்றேன்.

உன் மேசைக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, உங்கள் போக்கர் விதியே என் விதியைவிட நல்லது. ஜெயித்தால் முதலில் சீட்டை விரித்துக் காட்டு. அதற்கு முன்னால் எதிரில் இருப்பவர் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார். அத்தைக்குப் போன் செய்வதைக் குறைத்துவிடாதே, நான் மேலே எழுதியதை வைத்து எனக்காக நேரம் கூட்டவும் வேண்டாம். முட்டுவலி எப்படி இருக்கிறது என்று நீ கேட்டுக்கொண்டே இரு, அவர் சொன்னதை நான் உடைத்ததாகத் தெரிய வேண்டாம். குளிரில் காலுறை போடாமல் தரையில் நடக்காதே. பினுவை ராத்திரி தயிர் சாப்பிட விடாதே. இருவரும் நீண்ட ஆயுளோடும் குறையில்லாத மனதோடும் இருக்க மட்டாஞ்சேரியிலிருந்து அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம்.

ஒரு காரியம் மறக்காதே. டிசம்பரில் வரும்போது பினு தன் கையால் அவன் அம்மாவுக்கு ஒரு ஜோடி சின்னக் கம்மல் கொண்டுவரட்டும். கல் வேண்டாம், வெறும் பொட்டுப்போல இருந்தால் போதும், ஆனால் காதில் கனம் தெரிய வேண்டும். மகன் கொடுத்தால் லக்ஷ்மியால் ஒன்றும் சொல்ல முடியாது, சொன்னால் அது என்னிடம் வரட்டும். அத்தை கேட்டதாகச் சொல்லாதே, அவர் கேட்கவில்லை. நான் சொன்னதாகவும் சொல்லாதே.

என்றும் உன் நினைவாக,
அம்மா