மச்சான் மோதிரம்

அட்டன்
ஆனி 22

அன்பு மகன் தரணிதரனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், நலமா என்பதை முழுவதும் படித்து நீயே முடிவு செய்துகொள். நீயும் மருமகள் கிருஷாந்தியும் துபாயில் சுகமாகத்தான் இருப்பீர்கள், அந்த விஷயத்தில் உங்களை நான் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் உனக்குப் பிடிக்காத பேச்சு வந்ததும் போன் கட்டாகிவிடுகிறது, கடிதத்துக்கு அந்த வியாதி இல்லை. மூன்று வாரமாக மழை விடவில்லை, கடைக்குப் பின்னால் மண் சரிந்து ஒரு மூட்டை பருப்பு நனைந்தது, அப்பாவுக்கு முழங்கால் வலி. நடந்ததை உனக்கு எழுதக்கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார், பிள்ளை மனசு நோகுமாம். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் தங்கை ஹம்சினிக்கு முப்பத்திநாலு முடிந்தது. மூன்று இடத்துக்காரர்கள் வந்து பலகாரம் சாப்பிட்டுப் போன பிறகு அமைந்த இடம் இது, இதுவும் போனால் இனி யாருக்கும் கேசரி கிண்ட மாட்டேன் என்று அவளே சொல்லியிருந்தாள். வட்டவளைக்காரர்கள், மாப்பிள்ளை மதுசூதனன் வங்கியில் வேலை, அவருடைய அப்பா முத்துலிங்கம் மாஸ்டர் முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அவர்களுக்கு நேர்த்திக்கடன் இருந்ததால் போன ஞாயிறு இறம்பொடை அனுமார் கோயிலில் நிச்சயம் வைத்தோம். மாப்பிள்ளை விரலில் மச்சான் மோதிரத்தைப் பெண்ணின் அண்ணன்தான் போடவேண்டும், உனக்கு லீவு கிடைக்கவில்லை, ஆகவே நீ ஆள் மூலம் அனுப்பியதை உன் சார்பில் அப்பா போட்டார். இருபத்திரண்டு கரட் தங்கம், என் உழைப்பில் என் மச்சானுக்கு என்று நீ எழுதியிருந்த கடதாசித் துண்டைச் சபையில் இரண்டு தரம் வாசித்தார், பின்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லையாம்.

மாப்பிள்ளை புதிதாக வாங்கிய பழைய காருக்கும் அன்றைக்கே பூசை. பொனட்டைத் திறந்து எஞ்சினுக்குப் பொட்டு வைக்க மாப்பிள்ளையிடம் சொன்னார் ஐயர். பொட்டு வைப்பது மோதிர விரலால்தானே, விரல் முழுக்கச் சந்தனம், மோதிரமோ தளர்வு, குளிரில் விரலும் சுருங்கியிருந்தது. டிங் என்று ஒரு சத்தம், கொஞ்சம் கீழே இன்னொரு டிங், அவ்வளவுதான், உன் உழைப்பு எஞ்சினுக்குள் போய்விட்டது. ஸ்டார்ட் பண்ணினால் பெல்ட்டில் சிக்கும் என்று மாப்பிள்ளை சாவியை உருவிவிட்டார். அவருடைய அம்மா அழவில்லை, கத்தவில்லை. நாலரைக்கு ராகு காலம், அதற்குள் மோதிரம் விரலுக்குத் திரும்பாவிட்டால் இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடுவோம் என்று ஹம்சினியைப் பார்க்காமலே சொன்னார். அப்போது மணி மூன்றரை. ஈர்க்குச்சி நுனியில் சோப்பை ஒட்டிப் பார்த்தார்கள், குடைக்கம்பியை வளைத்துப் பார்த்தார்கள், ஒருவர் காரைக் கவிழ்க்கலாம் என்றுகூடச் சொன்னார். அப்பா பட்டு வேட்டியோடு ஈரத் தரையில் படுத்துக் காருக்கு அடியில் டோர்ச் அடித்தார், அந்த முழங்காலோடு.

நாலு மணிக்குச் சின்னராசா என்று ஒரு மெக்கானிக் வந்தான், கையில் நுனியில் காந்தம் வைத்த நீட்டுக்கம்பி. மாஸ்டர் அவனை மறித்து, தம்பி, தங்கத்தைக் காந்தம் இழுக்காது, இது எட்டாம் வகுப்புப் பாடம் என்றார். தெரியும் சேர், கீழே ஏதோ ஒரு நட்டு விழுந்து கிடக்கு, அதை மொதல்ல எடுத்துட்டா மோதிரத்துக்கு வழி கெடைக்கும் என்று சொல்லிக் கம்பியை இறக்கினான். கொஞ்ச நேரத்தில் நட்டு வருது என்றான். வந்தது நட்டு இல்லை. காந்தத்தில் ஒட்டிக்கொண்டு, கம்பியை ஆட்டினாலும் விழாமல், உன் இருபத்திரண்டு கரட் மேலே வந்தது. முதலில் கை தட்டியவள் ஹம்சினி. அவள் தமிழ் ரீச்சர், அவளுக்குத் தெரியாது. மற்றவர்களும் தட்டினார்கள். மாஸ்டர் மட்டும் தட்டவில்லை. மோதிரத்தைக் காந்தத்திலிருந்து பிடுங்கினார், திரும்ப ஒட்டவைத்தார், திரும்பப் பிடுங்கினார். பிறகு, "சம்பந்தி, இது விஞ்ஞானத்துக்கே புதுசுங்க" என்றார்.

ஹம்சினியின் கைகள் தட்டின மாதிரியே நின்றுவிட்டன. அப்பா எழுந்து வேட்டியில் ஒட்டியிருந்த சேற்றைத் தட்டினார். "புள்ள அனுப்புனது அசலுங்க. கடையில ஒரு பண முடை, நான்தான் அத வித்துட்டு இத வாங்குனேன்" என்றார். நீ அனுப்பிய மோதிரம் அன்று காலைவரை என் அலுமாரியை விட்டு அசையவே இல்லை. அப்பா தன் கல்யாண மோதிரத்தைக் கழற்றி மாப்பிள்ளைக்குப் போட்டார், விரல் முட்டியில் சிக்கி வரமாட்டேன் என்றது, கடைசியில் சந்தனம் தடவித்தான் எடுத்தோம். மணி நாலு இருபது. கல்யாணம் நிற்கவில்லை. நாற்பது வருடமாக அப்பா நிறுத்துக் கொடுத்ததைத் திரும்பிப் பார்க்காமல் வாங்கிப் போனவர்கள் இப்போது தராசு முள்ளைக் குனிந்து பார்க்கிறார்கள், அவரும் அவர்களுக்கு வசதியாகத் தராசைத் திருப்பி வைத்திருக்கிறார்.

நீ ஏமாந்து வாங்கினாயா, ஏமாற்ற வாங்கினாயா என்று நான் கேட்கப்போவதில்லை. முட்டாளைப் பெற்றேனா மற்றதைப் பெற்றேனா என்று தெரிந்துகொள்ள எனக்கு அவசரமில்லை. மாப்பிள்ளையின் அம்மா கேட்டது ஒன்றுதான். பொய் சொன்ன கையில தாரைத் தண்ணி விழக்கூடாதுங்க, யோக்கியமான அண்ணன் இருக்காரு, அவரே வந்து தங்கச்சியத் தாரை வார்த்துக் குடுக்கட்டும் என்றார். அப்பா சரி என்று தலையாட்டிவிட்டார். ஹம்சினி வீட்டுக்கு வந்து அப்பாவின் வேட்டியைத் தானே துவைத்தாள், உன் பெயரை இதுவரை எடுக்கவில்லை.

ஆகவே மகனே, ஆவணி இருபது முகூர்த்தம், லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு. இந்தத் தரம் கிடைக்கும், கிடைக்காவிட்டால் அதற்கும் உன் அப்பாவே ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொல்லவேண்டியிருக்கும். நீயும் கிருஷாந்தியும் நோய்நொடி இல்லாமல் நீண்டகாலம் வாழ அனுமார் துணை இருக்கட்டும். மணவறையில் உங்களுக்குத்தான் பெரிய மாலை, அப்பாவுக்குக் கதவோரம் ஒரு நாற்காலி போதுமாம். தாரைச் செம்பைப் புளி போட்டுத் துலக்கி வைத்திருக்கிறார், கிருஷாந்திக்குத் தூக்கக் கனமாக இருக்குமோ என்று நேற்றுக்கூடக் கேட்டார்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
ரத்னா