ஆகுமா, ஆகாதா: ஐந்து பெண்களின் காட்டு நடைக்கு ஒரு பதில் வேண்டி

அனுப்புநர்:
கலாதேவி த/பெ சன்னாசி,
புந்தோங், ஈப்போ, பேராக்.

பெறுநர்:
குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள்,
உலு கெனாரி வனப்பூங்கா நிர்வாகம், பேராக்.

பொருள்: மூன்று நாள் நடைப்பயணத்திற்கான அனுமதி மாதக்கணக்கில் தள்ளிப்போவது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்று முகப்பில் இருந்த பெண் சொன்னதால் தமிழிலேயே எழுதுகிறேன். மலாயில் பேசப்போய்த்தான் எங்களுக்கு இந்த வம்பே வந்தது.

1. நாங்கள் ஐவரும் ஐம்பதைத் தாண்டிய பெண்கள். ஞாயிறுதோறும் ஈப்போவைச் சுற்றியுள்ள குன்றுகளில் ஏறி இறங்குகிறவர்கள். தங்கள் பூங்காவில் மிதமான பாதை என்று குறித்திருக்கும் ஆற்றோரப் பாதையில் நடந்து, முகாமில் தங்கித் திரும்ப விரும்புகிறோம். இது எங்களில் மூத்தவரான செல்லாயி அக்காவின் ஆசை. வரிசையாக நட்ட ரப்பரையும் செம்பனையையும் பார்த்தே வளர்ந்தவர் அவர். "யாரும் நடாத மரத்த ஒரு தடவ பாத்துட்டு வந்துருவோம்லா" என்றார். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. போய் வந்ததும் டயாலிசிஸ் தொடங்கிவிடலாம் என்று மருத்துவர் அப்போது சம்மதித்தார். தொடங்கிவிட்டால் வாரம் மூன்று முறை ஊசியும் குழாயும்தான், காடெல்லாம் கனவு.

2. பூர்வகுடி வழிகாட்டி ஒருவரைப் பேசிவிட்டோம். படகுக்கும் சொல்லியாகிவிட்டது. அரிசிப் பையை முதுகில் கட்டிக்கொண்டு குன்றேறிப் பழகினோம். அட்டைக்குப் பயந்த முத்தம்மா, ஊரே ஊறுகாய் போடும் அளவுக்கு உப்பு வாங்கி வைத்திருக்கிறார்.

3. அனுமதி கேட்டு வந்தபோது, காட்டில் முன் அனுபவம் உண்டா என்று தங்கள் அலுவலர் கேட்டார். செல்லாயி அக்கா பெருமையாக, "டா லாமா கெர்ஜா ஹூத்தான்" என்றார். ரொம்ப நாளாகக் காட்டு வேலை செய்கிறேன் என்று அர்த்தம். ஐயா, சிலிம் ரிவர் பக்கத் தோட்டத்தில் அவர் செய்தது வெளிக்காட்டு வேலை. களை பிடுங்கினார், உரம் போட்டார். தோட்டத்து ஆட்களுக்கு ரப்பர் நிரையும் காடுதான். அலுவலரோ எங்களைத் திருட்டுத்தனமாக அகில் கட்டை வெட்டும் கும்பல் என்று எண்ணி, விசாரணைக்கு அனுப்பிவிட்டார். அகில் மரம் எது, கொய்யா மரம் எது என்று முத்தம்மாவைக் கேட்டுப் பாருங்கள், தெரியும்.

4. விசாரணை முடிந்துவிட்டது என்கிறார் ஒருவர். இன்னும் கையொப்பம் ஆகவில்லை என்கிறார் இன்னொருவர். எப்போது போனாலும் அடுத்த மாதம் வரச் சொல்கிறார்கள். ஈப்போவிலிருந்து பஸ் மாறி மாறி வந்து போவதே எங்களுக்கு ஒரு நடைப்பயணம் ஆகிவிட்டது. வீடு போ போ என்கிறது, காடு வா வா என்கிறது என்று வயதானவர்களைக் கேலி செய்வார்கள். எங்கள் விஷயத்தில் காடும் வா என்று சொல்ல மாட்டேன் என்கிறது. அலுத்துவிட்டது, ஐயா.

5. இனிச் சொல்வதை நான் எழுதுகிறேன் என்று செல்லாயி அக்காவுக்குத் தெரியாது. தாங்கள் அடுத்த மாதம் என்று சொல்லும்போதெல்லாம் அவரும் மருத்துவமனையில் அடுத்த மாதம் என்று சொல்லிவிடுகிறார். காட்டைப் பார்க்காமல் ஊசிக்குக் கை நீட்ட மாட்டாராம். இப்போது கால் வீங்கியிருக்கிறது. போன ஞாயிறு பாதிக் குன்றிலேயே உட்கார்ந்துவிட்டார். மருத்துவர் இனியும் பொறுக்கக் கூடாது என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே, மழைக்காலத்துக்குப் பூங்காவை மூடுமுன் அனுமதி தந்தால், மருத்துவரைக் கேட்டு, அவர் சரி என்றால் மட்டும் அழைத்து வருவோம். தர முடியாது என்றால் அதையாவது தெளிவாக எழுதி அனுப்புங்கள். கோபிக்க மாட்டோம். நானே அதை அவருக்குப் படித்துக் காட்டி, அவர் அழுது முடித்ததும், கையைப் பிடித்து மருத்துவமனைக்கு அழைத்துப் போவேன். அடுத்த மாதம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், ஐயா.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,

(கையொப்பம்)
கலாதேவி

இடம்: புந்தோங், ஈப்போ
நாள்: 11.9.2024