அழாத காட்சி

12 பெப்ரவரி 2024, திங்கள்

நான் வேலை செய்யும் புவாண்ட்-கிளேர் கிடங்கில் ஆறு கிழமை லீவு கேட்டேன். படத்தில் நடிக்கப் போகிறேன் என்றதும் மேலாளர் சிரித்துவிட்டார். எனக்கே நம்ப முடியவில்லை. கோயில் மண்டபத்துக்கு முகம் தேடி வந்த ஸ்கொட்லாந்துப் பெண் இயக்குநர் மோராக், அத்தனை பெண்களுக்குள் என்னை ஏன் பிடித்தார்? ஐம்பத்தாறு வயதில்!

20 பெப்ரவரி

மோராக்கைப் பற்றி உதவி இயக்குநர் றூபன் சொன்னான். இளவயதில் எடுத்த முதல் படத்துக்கு நல்ல பெயராம். அடுத்த படம் கிடைக்கவேயில்லை. பிறகு முப்பது வருடம் தொலைக்காட்சியில் பொலிஸ் நாடகங்கள்.

"இதுதான் அன்ரி அவவின்ர ரெண்டாவது படம். இதுவும் பிழையாய்ப் போனால் இனி ஒருத்தரும் குடுக்கமாட்டினம்."

5 மார்ச்

ஒரே காட்சிக்கு ஒரே படியில் ஏறி ஏறிக் கால் நோகிறது. இதுவா நடிப்பு?

14 மார்ச், வியாழன்

இன்று பிணவறைக் காட்சி. படத்தில் வரும் என் மகனை அடையாளம் காட்ட வேண்டும். துணியை விலக்கினார்கள். பார்த்தேன். "ஓம், இவர்தான்" என்றேன். துணி நுனியை இழுத்துக் காலை மூடிவிட்டேன். அவ்வளவுதான்.

தாய் அழாமல் எப்படி என்று தயாரிப்பாளர் கத்தினார். கண்ணுக்கு மருந்து விட்டாவது அழவைக்கச் சொன்னார். மோராக் என்னை வெளியே கூட்டிப்போனார். அக்னெஸ், ஏன் காலை மூடினீர்கள் என்று கேட்டார்.

சொல்லிவிட்டேன். மன்னார் ஆஸ்பத்திரியில் என் தம்பியின் உடலை நான்தான் அடையாளம் காட்டினேன். கால் வெளியில தெரிஞ்சது. குளிருமே எண்டு மூடினன். அழேல்லை. இண்டைக்கு வரைக்கும் அழேல்லை — ஏன் எண்டு எனக்குத் தெரியுமோ?

அவர் நேரே உள்ளே போனார். முப்பது வருடமாக ஆட்களை நேரத்துக்கு அழவைத்துச் சம்பளம் வாங்கினேன், இதில் மாட்டேன் என்று தயாரிப்பாளரிடம் சொன்னது கதவுக்கு வெளியே கேட்டது.

19 மார்ச்

மோராக்கை நீக்கிவிட்டார்கள். படப்பிடிப்பு முடிய ஒரு கிழமைதான் இருந்தது.

21 மார்ச்

றூபன் எனக்குப் போன் எடுத்தான். புது இயக்குநர் வருகிறாராம். பிணவறைக் காட்சியைத் திரும்ப எடுக்கிறார்களாம், அழுகையோடு.

"மிச்சம் எல்லாம் வந்து நடிக்கிறன் தம்பி. அதை மட்டும் திருப்பி நடிக்கமாட்டன்."

"வழக்கு அது இது எண்டு வெருட்டுவினம் அன்ரி."

"வெருட்டட்டும்."

போனை வைத்தேன். மகள் சஜிதா தேத்தண்ணி கொண்டுவந்து தந்து பக்கத்தில் இருந்தாள்.

2 ஏப்ரல்

வெருட்டினார்கள். பிறகு அந்தக் காட்சியை அப்படியே விட்டுவிட்டார்கள். நான் இல்லாமல் படத்தை முடிக்க ஏலாது.

16 நவம்பர், சனி

திரையிடல். இயக்குநர் என்று மோராக்கின் பெயரையே போட்டிருந்தார்கள். ஆனால் அவரை ஒருவரும் அழைக்கவில்லை. தானே காசு கொடுத்து ரிக்கற் எடுத்து வந்து என் பக்கத்தில் இருந்தார். பொலிஸ் நாடகக்காரர்களும் இப்போது கூப்பிடுவதில்லையாம். சண்டைக்காரி என்று பெயர் பரவிவிட்டது.

பிணவறைக் காட்சி வந்தபோது மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை. பின்வரிசையில் யாரோ விம்மினார்கள். நாங்கள் இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மெட்ரோவரை சேர்ந்து நடந்தோம். இனி என்ன செய்வீர்கள் என்றேன். தெரியாது என்றார். பிறகு, உங்கள் தம்பியின் பெயர் என்ன என்று கேட்டார்.

ஞானப்பிரகாசம் என்றேன்.

சொல்லிப் பார்த்தார். வரவில்லை. தெருவோரம் நின்று மெதுவாகச் சொல்லிக்கொடுத்தேன். கடைசியில் 'ஞானம்' மட்டும் வந்தது.

அது போதும் என்றேன். வீட்டிலும் நாங்கள் அப்படித்தான் கூப்பிட்டோம்.