டாக்டர் சொன்னதாக நான் சொன்னது

செவ்வாய், இரவு.

பத்து வாரக் கருவுக்குத் துடிப்பு நின்று ரெண்டு வாரம் இருக்குமாம். வாந்தி நின்றதே என்று அப்போது சந்தோஷப்பட்டவள் நான்.

மாத்திரையிலும் வெளியேற்றலாம், மயக்கம் கொடுத்துச் சுத்தமும் செய்யலாம், எது வேண்டும் என்று டாக்டர் கேட்டார். "சுத்தமே பண்ணிருங்க" என்றேன். கண்ணால் பார்க்கத் தைரியமில்லை.

அன்னவாசலில் வீட்டுக்குத் திரும்பியதும் மாமியார் கேட்டார்: "மாத்திரையில சரியாகாதா ஆத்தா?"

"ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க அத்தை."

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரருக்கு உண்மை தெரியும். தலையைக் குனிந்துகொண்டார்.

அத்தை என் கையைப் பிடித்தார். "எனக்கும் மொதப் புள்ள இப்புடித்தான் போச்சு. நான் பாத்தேன். நீ பாக்க வேணாம்."

உண்மையைச் சொல்லியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். காலையில் ஏழு மணிக்கு அட்மிஷன். அத்தைதான் கூட வருகிறார்.