அப்பாவின் தோள்வலிக் களிம்பு

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்குக் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை, நீ அனுப்பிய குரல்செய்தியை முழுக்கக் கேட்டேன், மூச்சு விடாமல் அவ்வளவு நேரம் பேசுகிறவன் நன்றாகத்தான் இருப்பான். போனில் பதில் சொன்னால் "அம்மா, அது அப்படி இல்லம்மா" என்று நடுவில் புகுந்துவிடுவாய், காகிதத்துக்குள் உன்னால் புக முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

நீ சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். கூட வேலை பார்க்கிற பெண்ணோடு உனக்கு ஒரு வருஷமாகப் பழக்கம். மருமகளுக்குத் தெரிந்துவிட்டது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். ஆனால் உன் மேல் தப்பே இல்லை, ஏனென்றால் ஆணின் மூளையில் ஆசைக்கான இடம் பெரியதாம், ஆண் ஹார்மோன் அதை ராப்பகலாகக் கிளறிவிட்டுக்கொண்டே இருக்குமாம், ஆணுக்கு மனசில் இருப்பதைப் பேசவும் வராதாம் அழவும் வராதாம், படைப்பே அப்படியாம், எவரோ ஒரு டாக்டர் வீடியோவில் சொன்னாராம். ஆகவே நான் மருமகளுக்குப் போன் போட்டு "ஆம்பளைங்கன்னா அப்படித்தாம்மா, நீதான் அனுசரிச்சுப் போகணும்" என்று சொல்லி அவளைத் திருப்பி அனுப்ப வேண்டும். அடேயப்பா. பள்ளிக்கூடத்தில் உயிரியல் பாடத்தில் தேறுவதற்கே தலையால் தண்ணீர் குடித்தவன் நீ, இப்போது மூளையைப் பிட்டுப் பிட்டு வைக்கிறாய். அழ வராதாம். பைக் திருட்டுப் போனபோது சாப்பிடாமல் கட்டிலில் குப்புறக் கிடந்து விசும்பியது யார், பக்கத்து வீட்டுக்காரனா?

ஹார்மோன் என்று பேச்சை நீதான் எடுத்தாய், அதனால் இந்த வீட்டில் நடந்ததையும் கேட்டுக்கொள். பெரியவனுக்குத் தெரியவே கூடாது என்று உன் அப்பா காலில் விழாத குறையாகக் கெஞ்சினார், இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் அவருக்கு வாலிபம் திரும்ப வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. எவரிடமும் சொல்லாமல் ஒரு கிளினிக்குக்குப் போய் ஆண் ஹார்மோன் களிம்பு வாங்கி வந்தார், தினமும் காலையில் தோளில் தடவ வேண்டும். என்னிடம் சொல்ல வெட்கம், தோள்வலி மருந்து என்று சொல்லிவிட்டார். வலி என்றால் இந்த வீட்டில் தேய்த்துவிடுவது யார் கை? பாவம், மனுஷன் இத்தனை வருஷம் உழைத்த தோள் என்று நானும் வெறும் கையால் அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். பிசுபிசுப்பு பிடிக்காமல் அவர் அடுத்த நிமிஷமே குளிக்கப் போய்விடுவார், நான் கையைத் துணியில் துடைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். மற்றவர் கை படக் கூடாது, தடவியதும் குளிக்கக் கூடாது என்றெல்லாம் பெட்டிக்குள் இருந்த தாளில் போட்டிருக்குமாம், டாக்டர் சொல்லித்தான் பிறகு தெரிந்தது. நான் பார்த்துவிடுவேன் என்று பயந்து தானும் படிக்காமல் அதைக் கிழித்துப் போட்டுவிட்டார். கெட்டிக்காரர்.

அதற்கப்புறம் அவர் ஆடிய ஆட்டம் இருக்கிறதே. தலைக்குச் சாயம், உடம்பைப் பிடிக்கிற பனியன், காலையில் நடக்கப் போகிற பூங்காவில் பெண்கள் கூட்டத்துக்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறேன் என்று போய் நிற்பது, வீட்டில் தட்டு வைக்கத் தாமதமானால் எரிந்து விழுவது. ஏன் இப்படி என்று கேட்டால் "என்ன பண்றது, ரத்தம் அப்படி ஓடுது" என்று கண்ணாடி முன்னால் நின்று நெஞ்சை நிமிர்த்துவார். எனக்கோ முகவாயில் முடி முளைத்தது, இந்த வயதில் பரு வந்தது, குரல் கட்டையானது, கடையில் தொட்டதற்கெல்லாம் கோபம் வந்தது. கோபம் மட்டுமா. மூக்குக்கண்ணாடிக் கடையில் என் வேலை உனக்குத் தெரியும், வந்தவர் முகத்துக்கு நேரே குனிந்து காதுக்குப் பின்னால் விரலை விட்டு பிரேம் எங்கே அழுத்துகிறது என்று பார்க்க வேண்டும். எத்தனையோ ஆண்களின் காதைத் தொட்டிருக்கிறேன், எனக்கு அவையெல்லாம் வெறும் காது. அந்தச் சமயத்தில் ஒருநாள் படிக்கிற கண்ணாடிக்கு ஒருவர் வந்தார், நரைத்த தாடி, அகலமான தோள். விரல் பட்டதும் எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, கையை எடுக்க மனசு வரவில்லை. பெற்ற மகனிடம் சொல்கிற விஷயமா இது என்று கேட்காதே, நீ சொன்னதெல்லாம் பெற்ற தாயிடம் சொல்கிற விஷயமா? ஆசைதான், அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியாது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பிரேமைச் சூடுகாட்டி வளைத்தேன், மாட்டிப் பார்த்தேன், மூக்கில் உறுத்துகிறதா என்று கேட்டேன், துடைக்க ஒரு துணியும் கொடுத்து அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

முகவாய் முடிக்காகத்தான் டாக்டரம்மாவிடம் போனேன், உன் அப்பாவும் துணைக்கு வந்தார். ரத்தம் எடுத்துப் பார்த்தவர் வீட்டில் என்ன தடவுகிறீர்கள் என்று கேட்டார், தோள்வலிக் களிம்பு என்றேன், பக்கத்தில் இருந்த மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டியது. உண்மையைக் கக்கிய பிறகு அவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். ஆண் ஹார்மோன் எனக்குத் தாறுமாறாக ஏறியிருந்தது, உன் அப்பாவுக்குப் பழையபடியே, ஒரு துளி கூடவில்லை, அவ்வளவும் குளியலறைச் சாக்கடையில் போயிருக்கிறது. சாயம், பனியன், மூச்சுப்பயிற்சி, எரிந்து விழுந்தது எல்லாம் வெறும் நினைப்பில் ஆடிய ஆட்டம். டாக்டரம்மா சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்புறம் பொறுமையாகச் சொன்னார், ஹார்மோன் ஆசையையும் கோபத்தையும் தூண்டுவது நிஜம்தான், பொறு என்று நிறுத்துகிற இடமும் அதே மூளையில் இருக்கிறது, "தூண்டிவிடும்மா, ஆனா கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போகாது" என்றார். உன் வீடியோ டாக்டர் அந்தப் பாதியைச் சொல்லவில்லையா, இல்லை நீ அதற்குள் நிறுத்திவிட்டாயா?

ஆசை உடம்பிலிருந்து வருகிறது, ஒத்துக்கொள்கிறேன், எனக்கே வந்தது. போனுக்குப் பூட்டுப் போட்டது ஹார்மோனா? மீட்டிங் என்று பொய் சொன்னது ஹார்மோனா? குழந்தைக்குக் காய்ச்சல் என்று மருமகள் கூப்பிட்டபோது போனை எடுக்காமல் கவிழ்த்து வைத்தாயாமே, அதுவும் ஹார்மோனா? அவள் சொல்லக் கேட்டு அழுதேன். உன்னை அப்படி வளர்க்கவில்லை என்று சொல்ல வாய்வரை வந்தது, அது உனக்கு இன்னொரு சாக்காகிவிடும் என்று விழுங்கிவிட்டேன்.

நீ சொன்னபடி மருமகளிடம் பேசினேன். களிம்புக் கதையைத்தான் சொன்னேன், சிரித்தாள், ரொம்ப நேரம் சிரித்தாள், சிரிப்பு எப்போது அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு "அத்தை, அவர் திருந்திடுவார்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் அவர்கிட்டயே திரும்பிப் போயிடறேன்" என்றாள். என் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள், சொல்லியிருந்தால் அன்றைக்கே உன் வாசலில் வந்து நின்றிருப்பாள். உன்னைப் பெற்ற வாய்க்கு அது வரவில்லை. நீ பேசியதில் மூளை இருந்தது, சுரப்பி இருந்தது, தப்பு செய்துவிட்டேன் என்பது எங்கேயும் இல்லை, எதை வைத்து நான் ஜாமீன் நிற்பேன்? "எனக்குத் தெரியாதும்மா, நீ இங்க வா" என்றேன். அடுத்த வாரம் அவளும் குழந்தையும் வருகிறார்கள், உன் அறையை அவர்களுக்கு ஒழித்து வைத்திருக்கிறேன். உன் அப்பாவே சுவருக்கு வெள்ளை அடித்தார். நீ வருவதானால் வா, கதவைத் திறப்பதா வேண்டாமா என்று அவள் சொல்வாள், நான் சொல்ல மாட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே, உடம்பு நன்றாக இருக்கட்டும், புத்தியும் கூடச் சேர்ந்து நன்றாக இருக்கட்டும், அம்மாவின் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் மறக்காதே. உன் குட்டிப்பெண் நேற்று போனில் "பாட்டி, அப்பா ஏன் எங்களோட வரல?" என்று கேட்டாள். அப்பாவையே கேள், அவர் சொல்வார் என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கூப்பிடுவாள், போனை எடு.

இப்படிக்கு,
உன் அம்மா