கோட்டுக்கு இந்தப் பக்கம்

இன்று மத்தியானம் டூட்டிங் நூலகத்தில், கழித்துப்போட்ட புத்தகங்களுக்குள் அமெரிக்க வரலாற்றுப் புத்தகம் ஒன்று கிடந்தது. திறந்ததும் எழுந்த பழைய தாள் வாசனையில் நீ வந்துவிட்டாய், நம் கோலியர்ஸ் வுட் அறைக் கட்டிலில் சப்பாணி கட்டி உட்கார்ந்தபடி.

அகதி மனுவுக்கு பிரிட்டிஷ் அரசின் முடிவு வரும்வரை உனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. மாலை வரலாற்று வகுப்புக்குப் போய்வந்து, பெற்றோல் ஷெட்டில் நின்று களைத்துவரும் என் உயிரை வாங்குவாய். சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் அமெரிக்க வரைபடத்தை விரிப்பாய்.

"இஞ்சை பார் மச்சான். இந்தக் கோட்டுக்கு மேலை அடிமை வைக்க ஏலாது, கீழை ஏலும். புது மாநிலம் சேர்க்கிறதெண்டா அந்தப் பக்கம் ஒண்டு, இந்தப் பக்கம் ஒண்டு."

நாடு மேற்கே வளர்ந்ததே இந்தப் பேரத்தில்தான் என்பாய். மெக்சிக்கோவிடம் பிடித்த நிலத்துக்கும் அதே சண்டை. கலிபோர்னியாவை அடிமையில்லாத மாநிலமாகச் சேர்க்க, தெற்குக்காரர் பதிலுக்கு ஒரு சட்டம் வாங்கினார்கள். வடக்கே தப்பிப்போன அடிமைகளையும் பிடித்துத் திருப்பி அனுப்பலாம். கூப்பிட்டால் அங்குள்ள சாதாரண சனமும் உதவவேண்டும்.

"ஒளிச்சு வைச்சா?" என்று கேட்டேன்.

"தண்டம் கட்டவேணும், மறியலுக்குள்ளை போடுவாங்கள். எண்டாலும் கனபேர் ஒளிச்சு வைச்சவை."

எனக்கு நித்திரை வந்துகொண்டிருந்தது.

உன் மனு நிராகரிக்கப்பட்டது. குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்து வைக்கும் நாள் நெருங்கியது. "போனா பிடிச்சுப் போடுவாங்கள் மச்சான். லோயர் புதுசா மனு எழுதுறாராம். ரெண்டு கிழமை போகாமல் இஞ்சையே இருக்கட்டே?" என்று கேட்டாய். எனக்கு அப்போதுதான் நிரந்தர விசா கிடைத்திருந்தது. பயந்தேன். பயத்தைச் சொல்லாமல் புத்தி சொன்னேன்.

"சட்டப்படி நட. ஒண்டும் நடக்காது. நானே கொண்டுபோய் விடுறன்."

சேட்டைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தாய். மூன்று மணித்தியாலம் காருக்குள் காத்திருந்தேன். நீ வெளியே வரவில்லை.

உன்னைப் பிடித்து நாடுகடத்தினார்கள். நீ மன்னாருக்குப் போய் இரண்டாம் மாதம் யாரோ உன்னை வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள். உடல் தெருவோரம் கிடந்ததாக உன் அக்கா தொலைபேசியில் சொன்னா. அவவுக்கு நான் இன்னும் உன்னைப் பார்த்துக்கொண்ட நல்ல சிநேகிதன். கடைசிவரைக்கும் கூட இருந்ததற்கு நன்றி என்றா. அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன்.

இப்போது என்னிடம் பிரிட்டிஷ் பாஸ்போட் இருக்கிறது. எவரும் என்னை எங்கும் திருப்பி அனுப்ப முடியாது. ஆனால் ஒன்று மட்டும் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது. உன்னைப் பிடித்துத் தா என்று எந்தச் சட்டமும் என்னிடம் கேட்கவில்லையடா. நானாகத்தான் காரை எடுத்தேன்.