என் ஆள் தோற்ற தேர்தல்

பெப்ரவரி 3, திங்கள்
பிஎச்டி ஆய்வேடு கொடுத்தாயிற்று. 1910இல் ஓர் அமெரிக்க மாநிலத்தில் நடந்த ஆளுநர் தேர்தல். அதில் தோற்ற வேட்பாளர்தான் என் ஆள். வாக்குப்பெட்டிகளை மாற்றித்தான் அவரைத் தோற்கடித்தார்கள் என்று ஏழு வருடமாக எழுதியிருக்கிறேன். "உம்மடை ஆள் இப்பவெண்டாலும் வெல்லுவாரோ?" என்று என் கணவர் எட்வேட் பகிடி விட்டார். பாவம், ஷிப்ட் ஷிப்டாக வேலை செய்து மனிசியைப் படிப்பித்த மனுசன்.

பெப்ரவரி 9, ஞாயிறு
சேர்ச்சில் பூசை முடிய மாமி என்னை எல்லோருக்கும் "டொக்டர் மருமகள்" என்று காட்டினா. ஆய்வேட்டுக்கான நேர்முகப் பரீட்சையே இன்னும் நடக்கவில்லை! அதற்குள் பட்டத்தைக் கொண்டாட மே பத்தாம் திகதிக்கு மண்டபமும் எடுத்துவிட்டா. "பிந்தினா ஹரோவிலை ஹோல் கிடையாது பிள்ளை." வயதுக்கு வந்த பிள்ளையின் சாமத்தியவீட்டுக்கு எடுப்பதுபோல எடுத்துவிட்டு வந்து நிற்கிறா.

மார்ச் 6, வியாழன்
ஒரு புத்தகம் வெளிவந்திருக்கிறது. அதே மாநிலம், அதே தேர்தல். ஒரு பேராசிரியருக்கு ஏதோ நிலவறையில் அந்தப் பெட்டிகளே கிடைத்திருக்கின்றன, சீட்டுகளோடு. எண்ணியும் விட்டார். என் ஆள் நியாயமாகத்தான் தோற்றிருக்கிறார்.
ஐயோ.

மார்ச் 7
கொடுத்த ஆய்வேட்டை இனி மீளப் பெற ஏலாதாம். மேற்பார்வையாளர், "நேர்முகத்தில் உங்கள் பக்கத்தைச் சொல்லிப் பாருங்கள்" என்கிறார். எந்தப் பக்கத்தை? மண்டபத்தை விடச் சொல்லி மாமியிடம் கெஞ்சினேன். "கேக்குக்கும் சொல்லியாச்சு. மாதாவுக்கு நேந்திருக்கிறன், நீ பயப்பிடாதை."

ஏப்ரல் 24, வியாழன்
நேர்முகப் பரீட்சை முடிந்தது. பிஎச்டி இல்லை. வேண்டுமானால் ஒரு படி குறைந்த பட்டம் தரலாமாம். பரீட்சகர்கள் இரண்டு பேரும் அன்பாகத்தான் பேசினார்கள், அதுதான் கொடுமை. ரயிலில் வாய்விட்டு அழுதேன். ரெய்னர்ஸ் லேன் ஸ்டேஷனில் எட்வேட் காத்து நின்றார். "விடும். அம்மாவுக்கு நான் சொல்லுறன்."

மே 2
சொல்லிவிட்டார். "பட்டம் எண்டா பட்டந்தானே" என்றாவாம் மாமி.

மே 10, சனி
மண்டபம் நிறைந்த சனம். இனியும் பொறுக்க ஏலாமல் நானே மைக்கை வாங்கினேன். "எனக்கு அந்தப் பட்டம் கிடைக்கேல்லை. நான் பிழையா எழுதிப்போட்டன். தயவுசெய்து என்னை டொக்டர் எண்டு கூப்பிடாதேங்கோ."
தெளிவாகத்தான் சொன்னேன், தமிழில்தான் சொன்னேன்.
முதலில் மாமி கைதட்டினா. அவவைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள். "இவ்வளவு படிச்சும் என்ன பணிவு, பாருங்கோ" என்றா முன்வரிசையில் ஒரு அன்ரி.
வீடியோக்காரத் தம்பி கிட்ட வந்தான். "டொக்டர் அக்கா, கேக்குப் பக்கம் திரும்பி ஒருக்கா சிரியுங்கோ."
சிரித்தேன்.